முப்பது கிலோமீட்டர் திருடன்

திருட்டுப் போன காரைப் பிடிக்க வேண்டுமென்றால் அடித்துப் பிடித்துக் கிளம்ப வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. நிதானம் இரண்டாவது டம்ளர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பிக்பாக்கெட் தலைதெறிக்க ஓடினான். இவர் பின்னாலேயே நடந்து போனார். பஸ் வராமல் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவனைத் தோளில் தட்டிக் கூட்டி வந்தார். துப்பறியும் தொழிலில் அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்றுவரை விடவில்லை. அவருடைய உதவியாளருக்குத் தந்தி என்று பெயர் வைத்தது அவரேதான். ஒன்பது வருஷம் கூரியர் கம்பெனியில் வண்டி ஓட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். காதில் விழுந்த செய்தி வாயிலிருந்து புறப்பட அவளுக்கு நேரமே பிடிக்காது.

"பாஸ், கார் காணாமப் போயி இன்னிக்கு நாலாவது நாள். நீங்க டீயை ஆத்தி முடிக்கிறதுக்குள்ள அதுக்குப் பேரன் பேத்தி பிறந்துடும்," என்றாள் தந்தி.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. அவரைப் பல்செட்காரர் என்றால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவர். நகக்கண்களில் வெள்ளையாகப் பிளாஸ்டர் மாவு, முகத்தில் நாலு நாள் தாடி.

"திங்கக்கிழமை காலையில ஷெட்டைத் திறந்தேன் சார். கார் இல்ல. காரைக்கூட விடுங்க, என் சோலார் செட் இல்ல."

"காரை விட்டுடலாமா?" என்றாள் தந்தி.

"கார் கடையில வாங்கினதும்மா. செட் நான் செஞ்சது."

அந்தச் செட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் மனுஷருக்கு உயிர் வந்தது. நாலு பேனல். சூட்கேஸ் கீல் போட்டு மடிகிற மாதிரி செய்தது. சூரியன் பக்கம் சாய்ப்பதற்கு, பழைய பல் டாக்டர் நாற்காலியில் தலையைச் சாய்க்கும் மூட்டைக் கழற்றி வைத்திருந்தார். பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரு தள்ளுவண்டியில். பின் சீட்டை மடக்கினால் மொத்தமும் காருக்குள் அடங்கிவிடும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, விரித்து, வயரைச் செருகினால் போதும். மின்சாரக் கார் வெயிலைக் குடிக்கும்.

"ஒரு நாள் வெயில்ல எவ்வளவு ஏறும்?" என்று கேட்டார் நிதானம்.

"நாலு யூனிட். முப்பது கிலோமீட்டர் ஓடும்."

"முப்பதா?" என்றாள் தந்தி. "எங்க கூரியர்ல சைக்கிள்ல போற பெரியவர் ஒருத்தர் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முப்பதைத் தாண்டிடுவார்."

"போலீஸ்லயும் இப்படித்தாம்மா சிரிச்சாங்க. அது தானா எங்கயாவது நின்னுடும், அப்ப போய் எடுத்துக்கோங்கன்னுட்டாங்க." பல்செட்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நடமாடும் ஆஸ்பத்திரிக்காரங்க வராங்க சார். அவங்க வண்டிகளுக்கெல்லாம் வைக்க ஒரு சோலார் செட்டைத் தேர்ந்தெடுக்கப் போறாங்க. கடைசிச் சுத்துல ரெண்டே பேர். நானும், எதிர்த்த கடை பேட்டரிக்காரனும். ரெண்டு வருஷ உழைப்பு சார். நாளைக்கு ஷெட் காலியா இருந்தா என் பேரை அடிச்சுட்டுப் போயிடுவாங்க."

"பேட்டரிக்காரர் மேல சந்தேகமா?"

"சந்தேகமா? மூணு நாளா அவன் கடைக்கு எதிர்ல பேப்பரை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் வெளியவே வரல. அதுதான் பெரிய சந்தேகம்."

"அவங்க என்ன நிபந்தனை வச்சிருக்காங்க?"

"வெறும் வெயில்லயே நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்திருக்கணும். படிவத்துல எழுதியிருக்கேன்."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

பல்செட்காரர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். "எழுதியிருக்கேன்," என்றார்.

நிதானம் டீயை ஒரு வாய் குடித்தார். "படிவத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தீங்களா?"

"எனக்கு ஏது சார் நேரம். என் சம்சாரம்தான் டூட்டிக்குப் போற வழியில கொடுத்துட்டா. அவ இப்ப லீவு போட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. அதுவும் நல்லதாப் போச்சு. கார் தொலைஞ்சது தெரிஞ்சா எனக்கே பல்செட் தேவைப்படும்."

"சாதாரண பிளக்ல செருகி சார்ஜ் பண்ற கேபிள்?"

"அது ஷெட்லயே தொங்குது சார். விட்டுட்டுப் போயிருக்கான் முட்டாள்."

நிதானம் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்தால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"கார் வேணும்னு வந்தவன் கேபிளை விட்டுட்டுப் போக மாட்டான். அது இருந்தா எந்த வீட்டு பிளக்லயும் செருகிடலாம். இது வேணும்னே விட்டுட்டுப் போனது. கிளம்பும்போது பேட்டரியில எவ்வளவு இருந்தது?"

"இருபது கிலோமீட்டருக்கு இருக்கும். அதுவும் வெயில்ல ஏத்தினதுதான்."

நிதானம் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதினார். "திங்கள் காலையில இருபது. அன்னிக்கு முழு வெயில். செவ்வாய்க் காலையில இன்னொரு முப்பது, மொத்தம் அம்பது. செவ்வாய் மத்தியானம் மேகம், பாதிதான் ஏறியிருக்கும். புதன் காலையில அறுபத்தஞ்சு. நேத்து நல்ல வெயில். இன்னிக்குக் காலையில தொண்ணூத்தஞ்சு. அங்க உக்காந்து இப்ப பேனலை விரிச்சிருக்கணும்."

"தொண்ணூத்தஞ்சு சரி பாஸ். எந்தப் பக்கம்? ஊரை விட்டு நாலு ரோடு போகுது."

"ஒண்ணு மலை ஏறுது. மேடு ஏறினா சார்ஜ் கரைஞ்சுடும். இன்னொண்ணுல ரெண்டு பக்கமும் மரம். மூணாவது முழுக்கக் கடையும் கட்டடமும். சாதாரணத் திருடன் நிழல்ல பதுங்குவான். இந்தத் திருடனால பதுங்க முடியாது. பட்டப்பகல்ல, நட்ட நடு வெயில்ல, நாலு பேனலையும் விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்தே ஆகணும்." அவர் எழுந்து செருப்பை மாட்டினார். "தெற்கு ரோடு. மொட்டை ரோடு. நேராக் கடலுக்குப் போகுது."

நிதானத்தின் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது பெட்ரோல் கார், வயசு இருபத்திரண்டு. பெட்ரோல் முள் மூன்று வருஷமாகப் பாதியிலேயே நிற்கிறது. டேங்க் நிரம்பி வழிந்தாலும் பாதி, வறண்டு கிடந்தாலும் பாதி.

"பெட்ரோல் போட்டீங்களா பாஸ்?" என்று தந்தி கேட்டாள்.

"பாதி காட்டுதே."

"அது என் கல்யாணத்துக்கு முந்தியிருந்தே பாதி காட்டுது."

பல்செட்காரர் பின் சீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவசரமாக எதையோ தட்டினார்.

"யாரு?" என்றார் நிதானம் கண்ணாடியில் பார்த்தபடி.

"சம்சாரம்தான். கார் பத்திரமா இருக்கான்னு கேக்குறா. துடைச்சு மூடி வச்சிருக்கேன்னு போட்டேன்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க," என்றாள் தந்தி. "அவங்க என்ன சொல்றாங்க?"

"திங்கக்கிழமை போட்டதுக்கு 'தெரியும்'னு பதில் வந்தது. அதுக்கப்புறம் எது போட்டாலும் வெறும் 'ம்'தான். அக்கா வீட்ல ஓயாம பேச்சா இருக்கும்."

நிதானத்தின் மீசை லேசாக அசைந்தது. சிரித்தாரா, மூக்கு அரித்ததா என்று தந்தியால் சொல்ல முடியவில்லை.

இருபதாவது கிலோமீட்டரில் மூடிக்கிடந்த கயிற்று ஆலை ஒன்று. முன்னால் பெரிய புல்வெளி, ஒரு மரம்கூட இல்லை. நிதானம் காரை நிறுத்திவிட்டுப் புல்லைப் பார்த்தபடியே ஒரு சுற்று நடந்தார். தந்தி ஓடிப்போய் ஆலைக் கதவு, ஜன்னல், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் குடைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

"காலுக்குக் கீழ பாரு," என்றார் நிதானம்.

புல் நீளச் சதுரமாக நசுங்கியிருந்தது, வரிசையாக நாலு இடத்தில். பக்கத்திலேயே கொஞ்சம் திரும்பினாற்போல் இன்னொரு வரிசை. அதற்கும் பக்கத்தில் மேற்கே பார்த்து மூன்றாவது. வெயிலோடு சேர்ந்து பேனல்களையும் யாரோ திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

பல்செட்காரர் மண்டியிட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது. "சாய்மானம் தப்பு. இப்படி வச்சா காலையில கால் பங்கு வீண். எடுத்துட்டுப் போனது போகட்டும், ஒழுங்கா வைக்கவாவது தெரிய வேண்டாமா?"

வேலிக் கம்பியில் வெள்ளையாக ஏதோ ஆடியது. காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி. காற்றில் பேனல் சாயாமல் இருக்க இழுத்துக் கட்டிவிட்டு, போகும்போது முடிச்சை அவிழ்க்காமல் பக்கத்தில் சுத்தமாக வெட்டியிருந்தார்கள்.

"கையில அடிபட்டிருக்கு பாஸ்," என்றாள் தந்தி. "காயம்பட்ட திருடன். பேட்டரிக்காரர் கையில கட்டு இருக்கான்னு பாக்கணும்."

"இருக்கே," என்றார் பல்செட்காரர் ஆவலோடு. "கட்டைவிரல்ல."

"நான் சொல்லல?" என்றாள் தந்தி. நிதானம் முடிச்சைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஐம்பதாவது கிலோமீட்டரில், இரும்புக் குழாய்கள் அடுக்கியிருந்த மைதானத்தில், பல்செட்காரர் மறுபடி மண்டியிட்டார். ஈர மண்ணில் பேனல் கால்களின் தடம் தெளிவாக இருந்தது. இந்த முறை தடத்தின் சாய்வை விரலால் அளந்து பார்த்தார்.

"என்ன சார், இங்கயும் தப்பா?"

"சரியா வச்சிருக்கான்," என்றார் மெதுவாக. "ஒரே நாள்ல கத்துக்கிட்டான். நான் இதைக் கண்டுபிடிக்க எட்டு மாசம் ஆச்சு."

நிதானம் அவரிடம் ஏதோ ஒரு நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, குழாய்களுக்கு அந்தப் பக்கம் போய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்தபோது அவர் நடை இன்னும் மெதுவாகியிருந்தது. அவர் நடை மெதுவானால் கேஸ் முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தந்திக்கு இது தெரியும். தெரிந்தும் என்ன செய்வது, அவளுக்குப் பேட்டரிக்காரரின் கட்டைவிரல்தான் கண்ணுக்குள் நின்றது.

அறுபத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு பஞ்சர் கடை. பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த கடைக்காரர், கேள்விக்கே காத்திருந்த மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து பகல் பூரா இங்கதான். தலையில தொப்பி, முகத்துல மாஸ்க், கையில உறை. குடைக்குக் கீழ உக்காந்திருந்தாங்க. அதிகம் பேசல."

"உயரமா? குட்டையா? தொப்பி என்ன கலர்?" தந்தி நோட்டைத் திறந்தாள்.

"நடுத்தரம். தொப்பி நீலம். தண்ணிதான் நிறைய கேட்டாங்க. எட்டு வாளி. குடிக்கிறதுக்கு இல்ல. மத்தியானம் ஆனதும் அந்தப் பலகைங்க முதுகுல கை வச்சுப் பாக்குறது, ஈரத்துணியால ஒத்தி எடுக்கிறது. என்னங்க இதுன்னு கேட்டேன். காய்ச்சல் அடிக்குதுன்னாங்க."

"காய்ச்சலா?" பல்செட்காரர் நிமிர்ந்தார்.

"வெயில் ஏற ஏறப் பலகை சூடாகுது, சூடானா கரண்ட் குறையுது, தண்ணி ஒத்தினா ஏறுதுன்னு சொன்னாங்க. அவங்க எழுதினதுகூட ஒரு தாள் பறந்து வந்து டயர்ல மாட்டிக்கிச்சு. குடுக்கலாம்னு பாத்தா போயிட்டாங்க."

தாளை நிதானம் வாங்கினார். அரை மணிக்கு ஒரு வரி. நேரம், மீட்டர் காட்டிய எண், சூடு. கீழே புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்திருந்தது. மத்தியானம் கோடு இறங்குகிறது. 'தண்ணீர்' என்று எழுதிய இடத்தில் மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு குட்டிக் கையெழுத்துக் கிறுக்கல்.

பல்செட்காரர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாரே தவிர, கிறுக்கலைப் பார்க்கவில்லை. அவர் கண் கோட்டை விட்டு நகரவில்லை.

"ரெண்டு வருஷமா மத்தியானம் கரண்ட் ஏன் குறையுதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன் சார். வயரை மாத்தினேன், இன்வெர்ட்டரை மாத்தினேன். தொட்டுப் பாக்கணும்னு தோணவே இல்ல." விரலால் கோட்டைத் தொட்டார். "திருடனா இருந்தாலும் பரவாயில்ல. இந்த ஆள் கையைப் பிடிச்சு ஒரு கும்பிடு போடணும்."

"போடலாம்," என்றார் நிதானம். "இன்னும் முப்பது கிலோமீட்டர்தான்."

தந்தி காரில் ஏறும்போது அவர் காதருகே குனிந்தாள். "யாருன்னு தெரிஞ்சுடுச்சா பாஸ்?"

"உனக்குத் தெரியலையா? பஞ்சர் கடைக்காரர்கிட்ட ஒரு கேள்வியை மட்டும் நீ கேக்கல."

"எல்லாம்தான் கேட்டேன். தொப்பி கலர் வரைக்கும் கேட்டேனே."

"அதுக்கு முந்தின கேள்வி," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

தொண்ணூற்றைந்தாவது கிலோமீட்டரில் சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளம். கண் கூசும் வெள்ளை. நிழல் என்ற சொல்லே அங்கே கிடையாது. பாத்திகளுக்கு நடுவே ஒரு மேட்டில் நீல நிறச் சின்னக் கார், அதன் பக்கத்தில் வரிசையாக நாலு பேனல், ஒரு குடை, குடைக்குக் கீழே ஒரு தொப்பி.

"பாஸ், நான் பின்பக்கமாப் போய் மடக்குறேன். நீங்க முன்னாடி போங்க."

"எதுக்கு? ஓடினா அஞ்சு நிமிஷம் வேணும், மடிச்சு உள்ள வைக்க."

பல்செட்காரர் அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டார். ஓடியவர் திருடனிடம் போகவில்லை, திருட்டுப் போன காரிடமும் போகவில்லை. பேனல்களுக்கு முன்னால் போய் நின்றார். சாய்மானத்தைப் பார்த்தார். முதுகில் கை வைத்தார். ஈரம். குளிர்ந்திருந்தது. பெட்டியில் ஓடும் எண்ணைப் பார்த்தார். நடுப்பகலில் அவ்வளவு பெரிய எண்ணை அவர் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. அப்படியே குடைப்பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"நீங்க யாரா இருந்தாலும் சரிங்க. போலீஸுக்கெல்லாம் போகல. இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

குடைக்குக் கீழிருந்தவர் தொப்பியைக் கழற்றினார். மாஸ்க்கை இறக்கினார்.

"பதினேழு வருஷமாக் காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுறேன்," என்றார் பல்செட்காரரின் மனைவி. "இதுல கண்டுபிடிக்க என்னங்க இருக்கு?"

தந்தியின் நோட்டு கீழே விழுந்தது. ஆணா பெண்ணா என்ற கேள்வியை அவள் கேட்கவே இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்கள்.

"நீயா?" பல்செட்காரருக்குக் கூப்பிய கையைப் பிரிக்கக்கூடத் தோன்றவில்லை. "காரைத் திருடினது நீயா?"

"திருடினேனா? ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஷெட் வாசல்ல நின்னு சொன்னேன். நாளைக்கு விடிகாலையில காரையும் செட்டையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன், வெயில்லயே அக்கா வீடு வரைக்கும் போகப்போறேன்னு. நீங்க குனிஞ்சு வயரைப் பத்தவச்சுக்கிட்டு இருந்தீங்க. 'ம்'னீங்க."

"எனக்கு ஞாபகமே..."

"சரி, கேட்டுட்டுத்தான் 'ம்' சொன்னீங்கன்னு நினைச்சேன். மறுநாள் பாத்தா, கார் பத்திரமா ஷெட்ல இருக்குன்னு எனக்கே மெசேஜ் வருது. நான் அந்தக் கார்ல சாஞ்சுக்கிட்டுத்தான் படிச்சேன்." அவர் சிரிக்கத்தான் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது. "காரைத் தேடினீங்க. நாலு நாளாச்சு. ஒரு தடவையாவது நீ எங்க இருக்கன்னு கேட்டீங்களா?"

தந்திக்கு வேறு எங்காவது பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்ப்பதற்கு உப்பைத் தவிர எதுவும் இல்லை.

நிதானம்தான் தொண்டையைச் செருமினார். "முதல் முடிச்சுலயே சந்தேகம் வந்ததும்மா. கட்டைவிரல் காயத்துக்குக் கட்டின துணி இல்ல அது, பழகின கை போட்ட முடிச்சு. உங்க அக்காவுக்குப் போன் பண்ணினேன். 'வெள்ளிக்கிழமைக்குள்ள கார்ல வந்துடுவா'ன்னாங்க. பஞ்சர் கடையில அந்தத் தாளைப் பாத்ததும் முடிஞ்சுபோச்சு. அரை மணிக்கு ஒரு தடவை அளந்து, புள்ளி வச்சு, கோடு போட்டு, வரிக்கு வரி கையெழுத்து. அந்த மாதிரித் தாள் ஒரே இடத்துலதான் தொங்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலோட கால்மாட்டுல. எனக்குப் புரியாதது ஒண்ணுதான். கேபிளை ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"கையில இருந்தா செருகத் தோணும். மேகம் மூடின அன்னிக்கு நிச்சயமாத் தோணியிருக்கும்," என்றார் அவர். பிறகு கணவரைப் பார்த்தார். "அந்தப் படிவத்தை நான்தானே கொண்டுபோய்க் குடுத்தேன். அங்க முத்திரை குத்தினப்புறம்தான் அதைப் படிச்சேன். நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தாச்சுன்னு எழுதியிருந்தது. ஷெட்ல இருந்து தெருமுனைக்கு மேல அந்தச் செட் போனதே இல்லைன்னு எனக்குத் தெரியாதா? அளக்காத டெம்பரேச்சரை அளந்ததா எழுதினா வார்டுல உயிர் போயிடுங்க. உங்களைப் பொய்யர்னு நாலு பேர் சொல்றதைக் கேக்க என்னால முடியாது. படிவத்தைத் திரும்ப வாங்க முடியல. அதனால எழுதினதை உண்மையாக்கிடலாம்னு கிளம்பினேன்."

பல்செட்காரர் சூடான மண்ணில் அப்படியே உட்கார்ந்தார். வாயில் வார்த்தை வரவில்லை. எத்தனையோ பேருக்குப் பல் வைத்துப் பேச வைத்த மனுஷர்.

"இப்ப எத்தனை கிலோமீட்டர் ஆகியிருக்கு?" என்று கேட்டாள் தந்தி.

"தொண்ணூத்தஞ்சு. இன்னும் அஞ்சு."

பல்செட்காரர் போனை எடுத்தார். மனைவியைப் பார்த்துக்கொண்டே எண்ணை அழுத்தினார். நடமாடும் ஆஸ்பத்திரியின் அலுவலக அம்மாள் எடுத்தார். அவர் குரல் போனை மீறி வெளியே கேட்கும் ரகம்.

"மேடம், நான் சோலார் செட்காரன் பேசுறேன். படிவத்துல நூறு கிலோமீட்டர்னு எழுதினது பொய். ஓட்டிப் பாக்காமலே எழுதினேன். இன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள உண்மையாகும். ஓட்டினது நான் இல்ல, என் சம்சாரம்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "என் பேரை அடிக்கணும்னா அடிச்சுடுங்க."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "எழுத்துல ரெக்கார்டு இருக்கா?"

"இருக்கு. நாலு நாள், அரை மணிக்கு ஒரு தடவை. ஸ்டாஃப் நர்ஸ் கையெழுத்தோட."

"செட் இப்ப எங்க இருக்கு?"

"உப்பளத்துல மேடம். உங்க இடத்துல இருந்து தூரம். காலையில பத்து மணிக்குள்ள ஷெட்டுக்குக் கொண்டு வர முடியாது."

நிதானம் குனிந்து அவர் காதில் சொன்னார். "எங்க வேணா கொண்டு போகலாங்கறதுதானே உங்க செட்டோட பெருமை. ஷெட்ல வச்சுப் பாக்குறதுக்கு அது எதுக்கு?"

பல்செட்காரர் அதைத் திருப்பிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. போனுக்குள்ளிருந்த அம்மாள் கேட்டுவிட்டார். "அது யாரு பேசுறது? அவர் சொல்றது சரி. பேட்டரிக்காரரோடதைப் போன வாரமே கடையில பாத்தாச்சு. உங்களோடதை அங்கயே வந்து ரோட்டுல பாக்குறோம். காலையில பத்து மணி. பொய்யைப் பத்தி நேர்ல பேசிக்கலாம்."

போன் வைக்கப்பட்டது. பேனல்களைப் பல்செட்காரர் மடிக்கப் போனார். "கைய எடுங்க," என்றார் மனைவி. "முதல்ல மூணாவது. இல்லேன்னா கீல்ல விரல் மாட்டும். எனக்கு மாட்டுச்சு." அவர் உறையைக் கழற்றிக் காட்டினார். விரலில் பேண்டேஜ்.

"காயம்பட்ட திருடன்னு நான் அப்பவே சொல்லல?" என்றாள் தந்தி.

நிதானம் விடைபெற்றுக்கொண்டு தன் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். கார் இருமியது. மறுபடி திருப்பினார். ஒரு தடவை பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கிப்போனது. பெட்ரோல் முள் வழக்கம்போலப் பாதியில் நின்றது.

"ஒரு வார்த்தை பேசப்படாது," என்றார் நிதானம்.

"நான் என்ன பாஸ் பேசப்போறேன். பாதி காட்டுதே."

ஆக, நாலு பேரும் நாலு பேனலுமாக அந்தச் சின்னக் காரில் அடைந்துகொண்டார்கள். தந்தியின் மடியில் இன்வெர்ட்டர். நிதானத்தின் தலைக்கு மேல் பேனலின் ஒரு மூலை. பல்செட்காரரின் மனைவி ஓட்டினார். கணவர் பக்கத்துச் சீட்டில் தாளையும் பேனாவையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் சத்தமே இல்லாமல், நிதானத்துக்கு மிகவும் பிடித்த வேகத்தில் போனது. தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிய ஆரம்பித்தது.

"அக்கா வீட்ல போய் முதல்ல குளிக்கணும்," என்றார் மனைவி.

"ம்," என்றவர் சட்டென்று திரும்பினார். "குளிக்கணும்னு சொன்ன. கேட்டேன்."

கியரின் மேலிருந்த கையை மனைவி எடுக்கவில்லை, அதன் மேல் கணவர் கை வைத்தபோதும்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பல்செட்காரர் பேனா மூடியைத் திறந்தார். "நூறுன்னு எழுதிடவா?"

"மீட்டரைப் பாத்தீங்களா?"

குனிந்து பார்த்தார். தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. பேனாவை மூடினார்.

"நீ ஓட்டு," என்றார். "நான் பாத்துக்கிட்டே வரேன்."